மீதி ரத்தத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேர் பரப்பில், இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள தாதுமணலை எடுக்கும் திட்டம் வெளியே தெரிந்ததிலிருந்து, கதிர்வீச்சு பற்றியும் புற்றுநோய் பற்றியும் நம் கடலோர ஊர்களில் பேச்சு ஓயவில்லை. முறையான மருத்துவ ஆய்வு வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. அப்படி ஓர் ஆய்வு வந்தால் அது மரபணுவைத் தொடாமல் போகாது. ஆனால் நம்மிடமிருந்து எடுக்கப்படும் ரத்தமும் உமிழ்நீரும் எங்கே போகும், எத்தனை காலம் இருக்கும், தவறு நடந்தால் யார் பதில் சொல்வது என்பதற்கு இந்நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஆய்வைக் கேட்கிற நாம் அந்தச் சட்டத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முதலில் அளவைப் பார்ப்போம். வழக்கமாக ஒருவரிடமிருந்து 5 மில்லி ரத்தம் எடுத்து ஊதா மூடி போட்ட, ரத்தம் உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் விடுவார்கள். ஒரு மில்லி ரத்தத்திலிருந்து ஏறத்தாழ 30 மைக்ரோகிராம் டி.என்.ஏ. கிடைக்கும், ஆக ஒரு குழாய்க்கு 150 மைக்ரோகிராம். ஒரு மனிதரின் மரபணுத் தொகுதியில் உள்ள 300 கோடி எழுத்துகளையும் வரிசையாகப் படிக்க 1 மைக்ரோகிராம் போதும். குறிப்பிட்ட ஒரு நோய்க்கான சோதனை என்றால் அதைவிடவும் குறைவு. மிச்சம் முழுவதும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். எந்த ஆய்வுக்கென்று சொல்லி எடுத்தார்களோ அது முடிந்த பிறகும் இருக்கும், கொடுத்தவர் காலமான பிறகும் இருக்கும். மரபணு ஆய்வில் நெறி, ஒழுங்கு என்று எழும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த மீதியைச் சுற்றியே எழுகிறது.

ஒப்புதல் படிவங்களில் இந்த மீதிக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் ஒரே ஒரு வரி: 'இம்மாதிரி எதிர்கால ஆராய்ச்சிகளுக்கும் பயன்படுத்தப்படலாம்.' அந்த வரிக்குக் கீழே போடும் கையெழுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்தாகிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டியில் வேறு வழிகளும் உள்ளன. அவற்றில் நம் மாவட்டத்துக்கு ஏற்றது அடுக்கு ஒப்புதல். இந்த ஆய்வுக்கு மட்டுமா, இதே நோய் பற்றிய பிற ஆய்வுகளுக்குமா, எந்த ஆய்வுக்குமா, வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா, புதிதாக ஏதேனும் தெரிந்தால் உங்களைத் தேடி வரலாமா, ஆய்வு முடிந்ததும் அழித்துவிட வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் இருக்கும். வேண்டியதில் மட்டும் குறியிடலாம். ஆய்வாளருக்கு இதனால் கூடும் வேலை இரண்டு பக்கத் தாளும் பத்து நிமிட நேரமும்தான். கிடங்கில் ஒவ்வொரு குழாயின் பட்டைக்குறியோடும் எந்தெந்தக் கட்டத்தில் ஒப்புதல் உண்டு என்ற பதிவையும் இணைத்து வைக்க வேண்டும். இணைக்காவிட்டால் தாளில் மறுத்தவரின் ரத்தமும் ஒப்புக்கொண்டவரின் ரத்தமும் உறைபெட்டியில் ஒன்றாகிவிடும். வேறு ஆய்வாளர் பொறுப்புக்கு வரும்போது யார் எதை மறுத்தார் என்று தெரிய வழியே இராது.

பின்வாங்கும் உரிமையும் இப்படியே. 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று எழுதியிருப்பது பாதி உண்மை. குழாயில் மிஞ்சியதை அழிக்க முடியும். ஆனால் பெயருக்கும் குறியீட்டு எண்ணுக்கும் இடையிலான இணைப்புப் பட்டியலை அழித்த பிறகு எது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. வரிசைப்படுத்திய தரவு பொதுத் தளத்தில் ஏறி, பத்து நாட்டு ஆய்வகங்கள் அதை இறக்கிக்கொண்ட பிறகு திரும்பப் பெறவும் வழியில்லை. எந்தத் தேதிவரை விலக முடியும் என்பதைப் படிவத்திலேயே எழுதினால்தான் அது நேர்மையான படிவம்.

குமரி மாவட்டம் படிப்பில் முன்னே நிற்கும் மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91 விழுக்காட்டைத் தாண்டியது. ஆகவே இங்கே ஒப்புதல் வாங்குவது எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவது வேறு, 'மரபணு மாறுபாடு', 'இரண்டாம்நிலைக் கண்டறிதல்' என்று நிரம்பிய ஆறு பக்கப் படிவத்தை முகாம் வரிசையில் நின்றபடி விளங்கிக்கொள்வது வேறு. சர்க்கரை, ரத்த அழுத்தச் சோதனை முகாமோடு சேர்த்து ஆய்வு மாதிரியும் எடுக்கும்போது இது மேலும் குழம்பும். வெள்ளைக் கோட்டும் ஊசியும் பார்த்தவர், தனக்கு ஏதோ வைத்தியம் நடக்கிறது என்றே எண்ணுவார். இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வரும் என்று காத்திருப்பார். வராது. ஆகவே முகாம் நாளும் மாதிரி எடுக்கும் நாளும் வேறுவேறாக இருக்கட்டும். படிவம் குறைந்தது ஒரு வாரம் முன்பே பங்கின் அன்பியக் (அண்டை வீட்டார் செபக் குழு) கூட்டங்களுக்கும் ஊர் கமிட்டிக்கும் மகளிர் குழுக்களுக்கும் போய்ச் சேரட்டும். வாசித்துக் காட்டிய பிறகு 'புரிந்ததா' என்று கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. அதற்குப் பதில், 'இதனால் உங்களுக்கு மருந்து கிடைக்குமா? உங்கள் ரத்தம் எங்கே போகும்? வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?' என்று மூன்று கேள்வி கேட்டு, அவர் தம் வாயால் சொல்லும் பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும். கைரேகை வைப்பவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்த, ஆய்வுக் குழுவோடு தொடர்பில்லாத சாட்சி தேவை. மாதிரி எடுக்க வந்த செவிலியரே சாட்சிக் கையெழுத்தும் போட்டால் அந்தப் படிவம் செல்லாது என்று, ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு தள்ளிவிட வேண்டும்.

பங்குத்தந்தையோ ஊராட்சித் தலைவரோ காணிப் பழங்குடியினரின் தலைவரான மூட்டுக்காணியோ சரி என்று சொல்லிவிட்டால் ஊரே சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. ஊருக்குள் வர அவர்களிடம் அனுமதி கேட்பது மரியாதை, அவசியமும்கூட. தனி மனிதரின் ஒப்புதலுக்கு அது ஈடாகாது என்று 2017 வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. ஆலய அறிவிப்பில் 'அனைவரும் வந்து ஒத்துழைக்கவும்' என்று வந்துவிட்டால் மறுப்பது எத்தனை கடினம் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

கதிர்வீச்சு ஆய்வுக்கு இன்னொரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரு குழந்தையிடம் புதிதாக ஏற்பட்ட மரபணு மாற்றங்களை எண்ண வேண்டுமானால் தகப்பன், தாய், பிள்ளை மூவரின் மாதிரியும் தேவை. கூடுதல் கதிர்வீச்சு இல்லாத இடத்திலும் ஒவ்வொரு குழந்தையும் ஏறத்தாழ 60 முதல் 70 புதிய மாற்றங்களோடுதான் பிறக்கிறது. தகப்பனின் வயது ஏற ஏற அந்த எண்ணிக்கையும் ஏறும். ஆகவே தகப்பன் வயதைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு எதையும் நிறுவாது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கணவருக்காக மனைவி கையெழுத்திடும் படிவம் ஏற்புடையதல்ல. படகு கரை சேரும்வரை ஆய்வு காத்திருக்கத்தான் வேண்டும். பிள்ளைகளைப் பொறுத்தவரை பெற்றோரின் கையெழுத்து போதாது. 7 முதல் 12 வயதுவரை வாய்மொழியாகவும், 12-க்கு மேல் 18 வரை எழுத்திலும் பிள்ளையின் இசைவையும் வாங்க வேண்டும் என்பது நெறி. 18 நிரம்பியதும் மாதிரியை வைத்திருக்கலாமா என்று அவரிடமே மறுபடி கேட்க வேண்டும். கேட்பதற்கு முகவரியும் ஆளும் பணமும் ஆய்வின் திட்ட மதிப்பீட்டிலேயே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒதுக்காத இடத்தில் இது நடக்காது.

மூவரின் மாதிரியைச் சேர்த்துப் படிக்கும்போது, தகப்பன் என்று எழுதப்பட்டவர் உயிரியல்படி தகப்பன் இல்லை என்பதும் தெரியவரலாம். எந்த நாட்டிலும் இப்படிச் சில குடும்பங்கள் இருக்கும். அந்தத் தகவல் யாருக்கும் சொல்லப்படாது, யாருடைய கோப்பிலும் எழுதப்படாது, அந்தக் குடும்பத்தின் தரவு சத்தமின்றிக் கணக்கிலிருந்து விடப்படும் என்று மாதிரி எடுக்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டால் ஒரு பெண்ணின் வாழ்க்கை ஆய்வக உதவியாளர் ஒருவரின் வாயில் வந்து நிற்கும்.

நமக்கு வடக்கே, அதே கறுத்த மணல் கிடக்கும் கொல்லம் கடலோரத்தில் நடந்த இரண்டு ஆய்வுகளை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2002-ல் வெளியான ஒன்று, 248 குடும்பக் கொடிகளைச் சேர்ந்த 988 பேரின் உமிழ்நீரைப் படித்து, கதிர்வீச்சு மிகுந்த பகுதிக் குடும்பங்களில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) டி.என்.ஏ.வின் எழுத்து மாற்றங்கள் தாயிடமிருந்து பிள்ளைக்குக் கூடுதலாகக் காணப்படுவதாகச் சொன்னது. 2009-ல் வெளியான மற்றொன்று, கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவர்களிடம் கண்டறியப்பட்ட 1,379 புற்றுநோய்களை ஆராய்ந்து, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. இரண்டுக்கும் முரண் இல்லை. ஒன்று தலைமுறைக்குத் தலைமுறை நிகழும் எழுத்து மாற்றத்தை எண்ணியது, மற்றொன்று நோயை எண்ணியது. ஆனால் நாளிதழின் தலைப்பு வரிக்குள் இந்த வேறுபாடு அடங்காது. 'கடலோர மக்களிடம் மரபணு மாற்றம்' என்று ஒரு தலைப்பு வந்தால், அடுத்த முகூர்த்தத்துக்குள் அது மணவாளக்குறிச்சியிலும் மிடாலத்திலும் பெண் பார்க்க வருகிறவர் காதில் விழுந்திருக்கும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருவது. பழியும் பெண்கள் மீதே விழும்.

தனிநபர் பெயரை மறைப்பதால் இதைத் தடுக்க முடியாது. பெயர் மறைந்தாலும் ஊரின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கும், பாதிப்பு அந்த ஊர் முழுவதற்கும். பெயரே மறையாமல் போகும் வாய்ப்பும் உண்டு. 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மரபணுத் தரவிலிருந்து, ஆண்வழி வரும் ஒய் குரோமோசோம் அடையாளங்களையும் இணையத்தில் கிடைக்கும் வம்சாவளிப் பட்டியல்களையும் வைத்துக் குடும்பப் பெயரைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ 50 பேரை அடையாளம் காட்டினார்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் இல்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். இங்கே வீட்டுப் பெயர் இருக்கிறது. ஞானஸ்நானமும் திருமணமும் பதிந்த பங்குப் பதிவேடுகள் இருக்கின்றன. முறைமாமனையும் அத்தை மகனையும் மணக்கும் குடும்பங்களில் ஒருவர் தரவு பல உறவினரைச் சேர்த்துக் காட்டும். சில பத்து வீடுகளே உள்ள ஒரு காணிக் குடியிருப்பில் வயது, பால், குடியிருப்பின் பெயர் மூன்றும் போதும், ஆள் யார் என்று சொல்லிவிடலாம்.

மலைப்பக்கம் வந்தால் சட்டத்தின் ஓட்டை இன்னும் தெளிவாகத் தெரியும். 1987-ல் அகத்தியமலைக் காட்டில் காணிக்காரர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியபச்சைச் செடியிலிருந்து, கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் மருந்து செய்தது. 1995-ல் அது ஒரு மருந்து நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகைக்கும் 2 விழுக்காடு ராயல்டிக்கும் கொடுக்கப்பட்டது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று தீர்மானித்து, 1997-ல் கேரளத்தில் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பலன் பகிர்வுக்கு உலகமே எடுத்துக்காட்டும் நிகழ்வு அது. பிறகு வந்த 2002-ன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் பலன் பகிர்வைச் சட்டக் கடமையாக்கியது. ஆனால் அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, உயிரியல் வளம் என்ற வரையறையில் மனித மரபணுப் பொருள் சேராது என்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டம் பல்லுயிர் பற்றிய மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை தருகிறது. ரத்தம் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996-ன் பெசா சட்டம் கிராம சபைக்குத் தரும் அதிகாரமும் இங்கே எட்டாது, ஏனெனில் அது அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகளுக்கே செல்லும், தமிழ்நாட்டில் அப்படி எதுவும் அறிவிக்கப்படவில்லை. காணிக்காரர் கையில் இருக்கும் இலைக்குப் பாதுகாப்பு உண்டு, அந்தக் கையில் ஓடும் ரத்தத்துக்கு இல்லை. மனித உடற்பொருளை வணிகப் பொருளாக்கக் கூடாது என்பதற்காக அதைப் பல்லுயிர்ச் சட்டத்தில் சேர்க்காமல் விட்டது சரியே. அதற்கென்று வேறு சட்டம் கொண்டுவராமல் இருப்பதுதான் தவறு.

வழிகாட்டி நெறி என்ற அளவில் நல்ல வரிகள் இருக்கின்றன. பழங்குடியினரிடம் ஆய்வு என்றால் அவர்களுக்கே நோய் அறிதலிலோ தடுப்பிலோ சிகிச்சையிலோ பயன் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது பழங்குடி நலத் துறையின் உரிய அதிகாரியிடம் முன் அனுமதி வாங்கிய பிறகே குடியிருப்புக்குள் போக வேண்டும். அவர்கள் பேச்சு தெரிந்தவரை வைத்தே விளக்க வேண்டும். 'இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்' என்று அறியும் ஆர்வத்துக்காக மட்டும் கோதையாற்றிலும் பத்துகாணியிலும் ரத்தம் எடுப்பது இந்த நெறிப்படி கூடாது. மீறினால் என்ன தண்டனை என்று கேட்டால் பதில் இல்லை.

சட்டத்தின் கை எட்டும் இடம் ஒன்றே ஒன்று. 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், உயிர்மருத்துவ ஆய்வு நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் நெறிமுறைக் குழு அமைத்து மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. குறைந்தது 7 உறுப்பினர். பாதிப் பேர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து. சட்டம் தெரிந்தவர் ஒருவர், சாதாரணப் பொதுமக்களில் ஒருவர், ஒரு பெண் கட்டாயம். 5 பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது. குழு விதியை மீறினால் எச்சரிக்கலாம், பதிவை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். இவ்வளவும் குழுவின் மீதான நடவடிக்கை. ரத்தம் கொடுத்தவருக்கு இழப்பீடோ, மாதிரியைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடும் தெளிவான உரிமையோ இதில் கிடையாது. குழு ஒரு பெருநகரில் அமர்ந்து கோப்பைப் பார்க்கும், மாதிரி எடுப்பது கடையாலுமூட்டில் நடக்கும். படிவத்தின் தமிழ் இங்குள்ளவருக்குப் புரிகிறதா என்று அந்தக் குழுவில் சொல்ல ஆள் இராது.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். 2019-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவில் மரபணுத் தரவு 'உணர்திறன் மிக்க தரவு' என்று தனியாகக் காக்கப்பட்டிருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. எல்லாத் தரவும் ஒன்றே. அதன் 17-ஆம் பிரிவு, குறிப்பிட்ட தரத்தைப் பின்பற்றும் ஆராய்ச்சிக்கு விலக்கும் அளிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சட்டம் தனி மனிதரை மட்டுமே பார்க்கிறது. அண்ணனின் மரபணுவை வெளியிட்டால் தம்பியின் மரபணுவில் சராசரியாகப் பாதி, கேட்காமலே, வெளியாகிறது. தம்பிக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

காப்பீட்டிலும் இதே நிலை. 2018-ல் தில்லி உயர் நீதிமன்றம், மரபணுக் கோளாறு என்ற பொதுக் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது அரசமைப்பின் 14-ஆம் பிரிவுக்கு எதிரானது என்றது. ஒரு தீர்ப்பு சட்டத்தின் இடத்தை நிரப்பாது. அமெரிக்காவில் 2008-லேயே மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆயுள் காப்பீட்டை அது தொடவில்லை என்பது அதன் குறை. இங்கே அதுவும் இல்லை. தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு மரபணு நீக்கம் இருப்பது 2009-ல் தெரியவந்தது; 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும், பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆய்வின் போது இது உங்களிடம் கண்டறியப்பட்டால் உங்களுக்குச் சொல்வது உயிர்காக்கும் உதவியாகலாம். சொன்ன பிறகு காப்பீட்டு விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கு மட்டும் யாரும் பதில் தருவதில்லை.

கருவின் மரபணுவைத் திருத்திப் பிள்ளை பெறுவதற்கான தடையும்கூட இந்தியாவில் வழிகாட்டி நெறிகளில்தான் உள்ளது. 2018-ல் சீனாவில் ஒருவர் அதைச் செய்து இரட்டைக் குழந்தைகள் பிறந்த பிறகு, அங்கே அவருக்கு 3 ஆண்டு சிறை கிடைத்தது.

மாதிரிகளின் வெளிநாட்டுப் பயணம் அடுத்தது. அயல்நாட்டு நிறுவனத்தோடு கூட்டாக நடக்கும் ஆய்வுகள் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவைத் தாண்டியாக வேண்டும். ஆனால் 2016 ஆகஸ்டில் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, பரிசோதனைக்காகவும் ஆராய்ச்சிச் சோதனைக்காகவும் மனித மாதிரிகளை இந்திய ஆய்வகங்கள் முன் அனுமதியின்றி அனுப்பலாம். விதிகளைப் பின்பற்றுவதாக உறுதிமொழி தந்தால் போதும். எது கூட்டு ஆய்வு, எது வெறும் சோதனைக் கட்டணச் சேவை என்பதை அனுப்புகிறவரே தீர்மானிக்கும் நிலை இது. நல்ல வழியும் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கள் குழுக்களிலிருந்து 10,074 பேரின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தி, பரீதாபாத்தில் உள்ள தேசியத் தரவு மையத்தில் வைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தபோது, விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றவருக்கே தரவு என்று விதித்தது. ஒரு மாவட்டத்தில் நடக்கும் சிறிய ஆய்வுக்கும் இந்த ஒழுங்கு பொருந்த வேண்டும்.

மீதி ரத்தத்தை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் பட்டது சான்று. 1990 முதல் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தம், அவர்களுக்குத் தெரியாமல் மனச்சிதைவு நோய் பற்றியும், நெருங்கிய உறவுத் திருமணம் பற்றியும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பது பற்றியும் ஆராயப் பயன்பட்டது. வழக்கு நடந்து, 2010-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நிர்வாகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய ரத்தத்தையும் திருப்பித் தந்தது. ஒவ்வொரு சமூகமும் தன் பூர்வீகத்தை உயிராக மதிக்கும் நம் மாவட்டத்தில், சாதிப் பெயரைத் தலைப்பில் போட்டு 'இவர்கள் இன்னார் வழிவந்தவர்' என்று ஒரு மரபணுக் கட்டுரை வந்தால் அது எந்த மேடையில் எப்படி முழங்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-ல் தங்களிடம் ஆய்வுக்கு வருவோருக்கான நெறிகளைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். இங்கே பொதுச் சுகாதாரம், மாநில அரசே சட்டம் இயற்றக்கூடிய மாநிலப் பட்டியலில் உள்ளது. தமிழக அரசு தன் பங்குக்குச் சட்டம் இயற்றத் தடை ஏதும் இல்லை. அந்தச் சட்டம் வரும்வரை மாவட்ட ஆட்சியர் செய்யக்கூடியவை பல. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பதிவேடு தொடங்கலாம். இந்த மாவட்டத்தில் மனித மாதிரி எடுக்கும் ஒவ்வோர் ஆய்வும் தன் தலைப்பு, நெறிமுறைக் குழுவின் பதிவு எண், எத்தனை பேரிடம் எத்தனை மில்லி, மீதி எந்தக் கிடங்கில், வெளியே அனுப்பினால் எங்கே, எந்த ஆண்டு அழிக்கப்படும் என்பதை அதில் எழுத வேண்டும். அதன் நகல் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். முடிவுகளை இதழில் வெளியிடும் முன்பு ஊர்க்கூட்டத்தில் தமிழில் சொல்ல வேண்டும். ஊரின் பெயரை வெளியிடலாமா என்று அங்கேயே கேட்க வேண்டும். தாதுமணல் எடுக்கும் நிறுவனத்தின் பணத்தில் நடக்கும் ஆய்வு என்றால் அது படிவத்தின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். எதிர்ப்பியக்கத்தின் பணமாக இருந்தாலும் அதுவே விதி.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரத்தம் கொடுங்கள், கொடுக்காமல் நம் கடலோரக் கேள்விகளுக்கு விடை கிடைக்காது. கையெழுத்திட்ட படிவத்தின் நகலை மட்டும் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அதில் நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலர் பெயரும் தொலைபேசி எண்ணும் இல்லையென்றால், அவற்றை எழுதித் தரும்வரை கையை நீட்ட வேண்டாம். ஏற்கெனவே கொடுத்தவர்கள், தங்கள் மாதிரி இன்னும் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, எதற்குப் பயன்பட்டது என்று அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கேட்கலாம். அரசு நிறுவனம் என்றால் 2005-ன் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
நெறிமுறைக் குழு ஒன்றின் பொதுமக்கள் தரப்பு உறுப்பினர்,
தக்கலை.